மொட்டை மாடியில் ஒரு டைபோல்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

புதிதாக ஹாம் உரிமம் வாங்கியவர்கள் எந்த ரிக் வாங்கலாம் என்று மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். ஆன்டெனாவுக்கு ஒதுக்குவது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். விலை உயர்ந்த ரிக்கும் கைமாறி வந்த பழைய ரிக்கும் தருவது அதே 100 வாட்தான். அந்த 100 வாட் வானத்துக்குப் போகிறதா, வழியிலேயே கேபிளைச் சூடாக்கிவிட்டுத் தீர்ந்துபோகிறதா என்பது ஆன்டெனாவின் கையில் இருக்கிறது.

அதிலும் கம்பி பாவம். இருபது மீட்டர் செம்புக் கம்பியில் பெரிதாகத் தவறு செய்ய முடியாது. தொல்லைகளில் பெரும்பாலானவை கம்பியும் கேபிளும் சேரும் அந்த அரை அடி இடத்திலும், அங்கிருந்து அறைவரை வரும் கேபிளிலும்தான் பிறக்கின்றன. அதனால் இந்தப் பட்டியலில் அந்த இடத்தைப் பற்றிக் கூடுதலாகப் பேசப்போகிறேன்.

எடுத்துக்கொண்டிருப்பது 40 மீட்டர் பேண்ட். இந்தியாவில் நமக்கு 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை. ஆன்டெனா, அரை அலைநீள டைபோல். நடுவில் ஒரு கம்பம் நட்டு இரு கைகளையும் சரித்துக் கட்டும் இன்வெர்ட்டட் வி வடிவம். ஒரே கம்பம் போதும், சாதாரண மொட்டை மாடியில் அடங்கிவிடும் என்பதால் முதல் ஆன்டெனாவாக இதைத்தான் எல்லோருக்கும் சொல்வேன். தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தரும் உரிமமும் அழைப்புக் குறியும் கைக்கு வராமல் மைக்கை அழுத்தக்கூடாது என்பதை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். கம்பியைக் கட்டிப் பழகுவதை அதற்கு முன்பே தொடங்கலாம்.

மின்கம்பி

*செய்யக்கூடாதவை*

– தெருவில் போகும் மின்கம்பிக்கு மேலாகவோ கீழாகவோ ஆன்டெனாக் கம்பியைக் கொண்டுபோகாதீர்கள். மேலே போனால் நம் கம்பி அறுந்து அதன்மேல் விழும். கீழே போனால் அது அறுந்து நம் கம்பிமேல் விழும். 11 கே.வி. லைன் மட்டும் கொல்லும் என்று எண்ண வேண்டாம். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் சர்வீஸ் வயரும் கொல்லும்.

– ஈ.பி. கம்பத்தில் கட்டாதீர்கள். கேபிள் டிவிக்காரர்கள் கட்டியிருக்கிறார்களே என்பது சமாதானம் ஆகாது.

– கயிற்றில் கல் கட்டி மரத்துக்கு மேல் வீசுவதாக இருந்தால், மறுபக்கம் என்ன இருக்கிறதென்று போய்ப் பார்க்காமல் வீசாதீர்கள்.

– மூங்கில் மின்சாரம் கடத்தாது என்று நம்பி மின்கம்பி அருகே தூக்காதீர்கள். நனைந்த மூங்கில் கடத்தும். பச்சை மூங்கிலும் அப்படித்தான்.

*செய்ய வேண்டியது*

– கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், கம்பி எந்த முனையில் அறுந்து பறந்தாலும் எதுவரை போகும் என்று பகல் வெளிச்சத்தில் மாடியைச் சுற்றி நடந்து பாருங்கள். கம்பத்தின் உயரத்தோடு டைபோலின் ஒரு கையின் நீளத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தூரத்துக்குள் மின்கம்பி இருந்தால் இடத்தை மாற்றுங்கள். வேறு இடம் இல்லையென்றால் அந்த வீட்டில் அந்த ஆன்டெனா வேண்டாம். இந்த ஒன்றில் மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கம்பியும் நீளமும்

*செய்ய வேண்டியவை*

– வீட்டு ஒயரிங்குக்கு விற்கும் 1.5 அல்லது 2.5 ஸ்கொயர் எம்.எம். பல இழைச் செம்பு வயரை வாங்குங்கள். 90 மீட்டர் காயிலாக வாங்கினால் நான்கு டைபோலுக்கு ஆகும், நண்பர்கள் பங்கிட்டுக்கொள்ளலாம். மேலுள்ள பி.வி.சி. உறையை உரிக்க வேண்டியதில்லை. ரேடியோ அலைக்கு அது தடையில்லை, செம்பை உப்புக் காற்றிலிருந்து காக்கவும் செய்யும். நாகப்பட்டினத்திலோ ராமேஸ்வரத்திலோ உறையில்லாத செம்புக் கம்பி எவ்வளவு சீக்கிரம் பச்சை பூக்கும் என்பது கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும்.

– வெட்டும் முன் கம்பியை இழுத்து வையுங்கள். ஒரு முனையைத் தூணில் கட்டி, மறுமுனையைப் பிடித்து உடல் பாரத்தைக் கொடுத்து ஒரு நிமிடம் இழுத்தால் போதும். மென்மையான செம்பு கொஞ்சம் நீளும். இப்போதே நீண்டுவிட்டால் பிறகு மேலே தொங்கும்போது நீண்டு அதிர்வெண்ணை மாற்றாது.

– மொத்த நீளத்தைக் கணக்கிட 142.6ஐ மெகாஹெர்ட்ஸால் வகுங்கள். 7.1க்கு 20.08 மீட்டர் வரும். இதை முடிவான அளவாக எடுத்துக்கொள்ளாமல் 21 மீட்டராக, கைக்கு 10.5 மீட்டராக வெட்டுங்கள். முனைகளில் முடிச்சுக்கு ஆகும் கம்பி இதற்கு மேல். உறை போட்ட வயரில் அலை சற்று மெதுவாக ஓடும். கைகள் சரிந்து முனைகள் மாடியை நெருங்குவதும் ஒத்ததிர்வைக் கீழே இறக்கும். இரண்டும் சேர்வதால் கடைசியில் நீளம் பெரும்பாலும் 20 மீட்டருக்குள் வந்துதான் நிற்கும்.

– குறைக்க வேண்டியதை முதலில் வெட்டாமல் மடித்து, அதே கம்பியோடு சேர்த்து முறுக்குங்கள். அளவு சரியென்று உறுதியான பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

*செய்யக்கூடாதவை*

– கட்டடக் கம்பி கட்டும் இரும்புக் கம்பியைப் பயன்படுத்தாதீர்கள். ரேடியோ அதிர்வெண்ணில் மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பிலேயே ஓடுவதால் இரும்பில் இழப்பு அதிகம். துரு ஏறினால் இன்னும் மோசம்.

– அலுமினியக் கம்பியைச் செம்போடு நேரடியாக முறுக்கி விடாதீர்கள். ஈரம் பட்டால் அந்தச் சந்திப்பு அரிக்கும்.

– மோட்டார் வைண்டிங் கம்பியை நீண்ட காலத்துக்கென்று கட்டாதீர்கள், காற்றுக்கு நிற்காது. ஆனால் சங்கம் அனுமதி தராத அடுக்குமாடிக் குடியிருப்பில் மெல்லிய எனாமல் கம்பி கண்ணுக்கே தெரியாது. அறுந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்ற மனத்துடன் அங்கே கட்டலாம். யார் கையும் முனையில் படாதவாறு பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

நடுமுனை

கடைகளில் டைபோல் விற்கும்போது நடுவில் ஒரு கனெக்டரை வைத்து விற்றுவிடுகிறார்கள். கேபிளின் நடுக்கம்பி ஒரு கைக்கு, பின்னல் மறு கைக்கு, வேலை முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. கோஆக்ஸ் கேபிளில் கண்ணுக்கு இரண்டு கடத்திகள் தெரிந்தாலும் ரேடியோ மின்னோட்டத்துக்கு அது மூன்று. நடுக்கம்பி ஒன்று, பின்னலின் உட்பக்கம் ஒன்று, பின்னலின் வெளிப்பக்கம் ஒன்று. மின்னோட்டம் மேற்பரப்பிலேயே ஓடுவதால் பின்னலின் உட்பக்கமும் வெளிப்பக்கமும் ஒன்றையொன்று அறியாத இரு வழிகள். நடுமுனையில் வந்து சேரும் மின்னோட்டத்துக்கு ஒரு கைக்குள் போகவும் வழி உண்டு, பின்னலின் வெளிப்பக்கமாகக் கீழே இறங்கவும் வழி உண்டு. தடுக்க ஒன்றும் இல்லையென்றால் ஒரு பங்கு இறங்கிவிடும்.

இறங்கினால் என்ன ஆகும்? கேபிளும் ஆன்டெனாவாகிவிடும். மைக்கின் உலோகம் உதட்டில் சுரீரென்று சுடும். பக்கத்து வீட்டு ஸ்பீக்கரில் உங்கள் குரல் கரகரக்கும். கேட்கும்போது நடக்கும் கெடுதல் இதைவிடப் பெரிது, ஆனால் வெளியே தெரியாது. வீட்டிலுள்ள எல்.இ.டி. பல்புகள், இன்வெர்ட்டர், மொபைல் சார்ஜர்கள் கிளப்பும் இரைச்சலையெல்லாம் பின்னலின் வெளிப்பக்கம் வாரிக்கொண்டுபோய் நடுமுனையில் சேர்க்கும். அங்கிருந்து அது உட்பக்கமாக ரிக்குக்குள் வரும். ‘எங்கள் ஊரில் எப்போதும் எஸ்-9 இரைச்சல்’ என்று சலித்துக்கொள்பவர்களில் பலருக்கு அந்த இரைச்சல் சொந்த வீட்டிலிருந்து வருகிறது.

*செய்ய வேண்டியவை*

– நடுமுனையிலேயே 1:1 கரன்ட் பாலன், அதாவது சோக், வையுங்கள். எஃப்.டி. 240-31 அல்லது 240-43 ஃபெரைட் வளையத்தில் ஆர்.ஜி. 58 கேபிளை 10 முதல் 12 சுற்று சுற்றினால் போதும். பின்னலின் வெளிப்பக்கத்தில் இறங்கப் பார்க்கும் மின்னோட்டத்துக்கு அது ஆயிரம் ஓமுக்கு மேல் தடையாக நிற்கும். உள்ளே போகும் சக்தியைத் தொடாது. இந்த ஆன்டெனாவில் எதற்காவது மனம் வைத்துப் பணம் செலவழிப்பதென்றால் இந்த வளையத்துக்குச் செலவழியுங்கள்.

– ஃபெரைட் கிடைக்கவில்லையா? 4 அங்குல பி.வி.சி. பைப்பின்மேல் ஏறத்தாழ 6 மீட்டர் கேபிளை ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே அடுக்காகச் சுற்றுங்கள். ஃபெரைட் அளவுக்கு வராது. ஒன்றுமில்லாததைவிட எவ்வளவோ மேல். சுற்றுகளைக் கொத்தாக அள்ளிக் கட்டினால் முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் அருகருகே வந்து பயன் குறையும்.

– பாரத்தை இழுவைக்கென்று அமைத்த இடம் தாங்கட்டும். அக்ரிலிக் துண்டோ சமையலறையில் காய் வெட்டும் பிளாஸ்டிக் பலகையில் அறுத்த ஒரு துண்டோ எடுத்து, கைகளுக்கு இரு பக்கமும் துளைகள், கம்பத்தில் தொங்கவிட மேலே ஒன்று, கேபிளை இறுக்கிக் கட்டக் கீழே இரண்டு என்று போடுங்கள். ஒவ்வொரு கையும் துளை வழியாக வந்து தன்மேலேயே முறுக்கிக்கொண்ட பிறகு, மிஞ்சிய தளர்வான வாலில் ஈயம் வையுங்கள்.

– மழைநீர் உள்ளே போகாமல் அடையுங்கள். கோஆக்ஸின் பின்னல் திறந்து கிடந்தால் தண்ணீரை உறிஞ்சி மீட்டர் கணக்கில் உள்ளே இழுத்துக்கொண்டே போகும். ஒட்டும் தன்மையுள்ள ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் சாதாரண பி.வி.சி. டேப்பை வெயிலுக்கு உறையாகச் சுற்றுங்கள். பெட்டிக்குள் வைத்திருந்தால் அடிப்பக்கம் ஒரு சிறு துளை போடுங்கள். முழுதாக அடைத்த பெட்டிக்குள் இரவில் வியர்க்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும்.

*செய்யக்கூடாதவை*

– பழைய கணினி பவர் சப்ளையிலிருந்து கழற்றிய மஞ்சள் வளையத்தில் பாலன் சுற்றாதீர்கள். அது இரும்புத் தூள் வளையம். இந்த வேலைக்கு ஆகாது. சும்மா கிடைக்கிறதே என்று பலரும் அதைத்தான் முதலில் எடுக்கிறார்கள்.

– மானிட்டர் கேபிளில் வரும் ஃபெரைட் குமிழ் ஒன்றை மாட்டிவிட்டு சோக் ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள். 7 மெகாஹெர்ட்ஸில் ஒரு முறை நுழைந்து போவது போதாது.

– 4:1 பாலன் போடாதீர்கள். நடுவில் ஊட்டும் டைபோலின் தடை 50 முதல் 70 ஓம் அளவில் இருக்கும். அதை நான்கால் வகுத்தால் கேபிளுக்குக் கிடைப்பது 12 முதல் 18 ஓம். பெட்டியின் மேல் பாலன் என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து வாங்குவதால் இது அடிக்கடி நடக்கிறது.

– புளிக்காடி வாசனை வரும் சிலிக்கோனைச் செம்பின்மேல் பூசாதீர்கள். அதிலுள்ள அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும். நியூட்ரல் என்று கேட்டு வாங்குங்கள்.

– ஈயம் வைத்த இடத்தில் கேபிளைத் தொங்கவிடாதீர்கள்.

கேபிள்

*செய்ய வேண்டியவை*

– தூரத்தையும் அதிர்வெண்ணையும் பார்த்துக் கேபிளைத் தேர்ந்தெடுங்கள். 30 மீட்டர் ஆர்.ஜி. 58இல் 7 மெகாஹெர்ட்ஸ் சக்தி ஏறத்தாழ ஒரு டெசிபல் குறையும். 100 வாட்டில் முக்கால் பங்குக்கு மேல் மேலே சேரும். இது தாங்கக்கூடியது. அதே 30 மீட்டரில் 145 மெகாஹெர்ட்ஸ் அனுப்பினால் நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சும். எச்.எஃப். ஆன்டெனாவுக்கு வாங்கிய கேபிளை வி.எச்.எஃப்.க்கும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணுபவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

– தொலைக்காட்சிக்குப் போடும் ஆர்.ஜி. 6 கேபிளை இளப்பமாக எண்ண வேண்டாம். அது 75 ஓம்; 50 ஓம் ரிக்கோடு சேரும்போது அதனால் வரும் பொருத்தக் குறைவு பெரிதில்லை. இழப்பு ஆர்.ஜி. 58ஐவிடக் குறைவு, எந்த ஊரிலும் கிடைக்கும், விலையும் மலிவு. ஒரே ஒரு சிரமம், பின்னல் அலுமினியமாக இருந்தால் ஈயம் ஒட்டாது. எஃப் கனெக்டர் போட்டு, அதிலிருந்து மாற்றிக்கொள்ளுங்கள்.

– நடுமுனையிலிருந்து கேபிள் கம்பத்தை ஒட்டி நேராகக் கீழே இறங்கட்டும். ஏதாவது ஒரு கைக்கு இணையாகப் போனால் அந்தக் கை கேபிளில் மின்னோட்டத்தைத் தூண்டும். மேலே கட்டிய சோக் அதைத் தடுக்காது.

– அறைக்குள் நுழையும் முன் கேபிளில் ஒரு தொங்கல் விடுங்கள். வழிந்து வரும் மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

*செய்யக்கூடாதவை*

– கேபிளின் நீளத்தைக் கூட்டிக் குறைத்து எஸ்.டபிள்யூ.ஆரை, அதாவது ஆன்டெனாவிலிருந்து சக்தி திரும்பி வருவதைக் காட்டும் அளவை, சரிசெய்யப் பார்க்காதீர்கள். ‘கேபிள் அரை அலைநீளத்தின் மடங்காக இருக்க வேண்டும்’ என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பொருத்தமான கேபிளில் நீளத்தை மாற்றினால் எஸ்.டபிள்யூ.ஆர். அநேகமாக மாறக்கூடாது. கணிசமாக மாறினால், பின்னலின் வெளிப்பக்கம் மின்னோட்டம் ஓடுகிறது என்று பொருள். மேலே போய் சோக்கைப் பாருங்கள்.

– ஜன்னல் கதவில் கேபிளை நசுக்காதீர்கள். சுவரில் ஒரு துளை போட்டுப் பைப்பைச் செருகுங்கள்.

– நுனியை வெட்டிப் பார்த்துப் பின்னல் கறுத்திருந்தால் அந்தக் கேபிளை ஆன்டெனாவுக்கு வைக்காதீர்கள்.

– இரண்டு கம்பிகளை இணையாக ஓடவிடும் ஏணி வகை ஊட்டுக்கம்பியைக் கோஆக்ஸ்போல் சுவரோடு ஒட்டியோ இரும்புப் பைப்பில் கட்டியோ கொண்டுவராதீர்கள். பல பேண்டுக்கு ஒரே டைபோல் வேண்டுமென்பவர்களுக்கு அது அருமையான வழி. 2 மில்லிமீட்டர் கம்பிகளை 15 சென்டிமீட்டர் இடைவெளியில் பி.வி.சி. குச்சிகளால் பிரித்து வைத்தால் வீட்டிலேயே 600 ஓம் ஊட்டுக்கம்பி தயார். ஆனால் அதற்கு டியூனரும் வேண்டும், இரும்பிலிருந்து விலகிய பாதையும் வேண்டும்.

தூக்கிக் கட்டுதல்

உயரத்தைப் பற்றி ஒன்று புரிந்துகொண்டால் ஏமாற்றம் வராது. 7 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் ஏறத்தாழ 42 மீட்டர். தொடுவானத்தை ஒட்டித் தாழ்ந்து போகும் அலை வேண்டுமென்றால் டைபோல் அதில் பாதியாவது, 21 மீட்டராவது உயர வேண்டும். ஒரு மாடி வீட்டில் மொட்டை மாடி 7 மீட்டர், அதன்மேல் 6 மீட்டர் ஜி.ஐ. பைப் என்றால் 13 மீட்டர்தான் ஆகும். இந்த உயரத்தில் சக்தியின் பெரும்பங்கு மேல்நோக்கிப் போய் அயனி மண்டலத்தில் திரும்பிச் சுற்றுவட்டாரத்தில் இறங்கும். ஐரோப்பா எளிதில் கிடைக்காது. சென்னையிலிருந்து மதுரையும் கோவையும் யாழ்ப்பாணமும் பகலில் நன்றாகக் கிடைக்கும். மூன்றும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். இந்த ஆன்டெனா பிறந்ததே அந்தத் தூரத்துக்குத்தான். அதைக் குறையென்று சொல்ல மாட்டேன். புயல் நேரத்தில் நமக்குத் தேவைப்படுவது பக்கத்து மாவட்டம்.

*செய்ய வேண்டியவை*

– நடுக்கம்பத்துக்கு மூன்று திசையில் ஸ்டே கயிறு கட்டுங்கள்.

– கைகளின் முனைகளில் பீங்கான் முட்டை இன்சுலேட்டர் போடுங்கள். அனுப்பும்போது மின்னழுத்தம் மிக அதிகமாக இருப்பது முனைகளில்தான். 100 வாட்டில் அது பல நூறு வோல்ட். தொட்டால் தோல் வெந்துவிடும். துணி காயப்போட வருகிறவர்கள், பட்டத்தைத் துரத்தி ஓடும் பிள்ளைகள் யார் கைக்கும் எட்டாத உயரத்தில், தளத்திலிருந்து 2.5 மீட்டருக்கு மேல் முனைகள் நிற்கட்டும்.

– தென்னை மரத்தில் கட்டுவதானால் கயிற்றை ஒரு கப்பியில் ஓடவிட்டு மறுமுனையில் பாரம் தொங்கவிடுங்கள். மரம் ஆடும்போது பாரம் ஏறி இறங்கும், கம்பி அறுபடாது. மட்டை விழும் பாதையில் கம்பி போகக்கூடாது. காய் பறிக்க மரம் ஏறுகிறவரிடம் கம்பியைப் பற்றி முன்பே சொல்லி, அன்று ரிக்கை அணைத்து வையுங்கள். இது மறக்கக்கூடாத காரியம்.

*செய்யக்கூடாதவை*

– கைகளுக்கு இடையே கோணம் 90 பாகைக்குக் கீழே போகவிடாதீர்கள். 120 பாகைக்குப் பக்கத்தில் இருந்தால் தடை 50 ஓமை நெருங்கும். 90க்கும் கீழே குறுக்கினால் ஒரு கையின் வேலையை மறு கை கெடுக்கும்.

– மலிவான பிளாஸ்டிக் கயிறு வேண்டாம். நம் ஊர் வெயிலில் பொடிப்பொடியாக உதிரும். பாலியஸ்டர் கயிறு நீடிக்கும்.

– துணிக்கம்பிக்கு இணையாகவோ தகரக் கூரையை ஒட்டியோ கையை ஓடவிடாதீர்கள். மாடியில் சோலார் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் எதிர்ப்பக்கம் போங்கள்.

அளத்தல்

*செய்ய வேண்டியவை*

– ஆன்டெனாவை அளக்கும் நானோ வி.என்.ஏ. கருவி ஒன்று இருந்தால் வேலை பாதியாகும். ஓபன், ஷார்ட், லோடு மூன்றையும் மாட்டி, அளக்கப்போகும் அதிர்வெண் எல்லையிலேயே முதலில் கேலிபரேட் செய்யுங்கள்.

– அதைக் கேபிளில் மாட்டும் முன் கேபிளின் நடுக்கம்பியைப் பின்னலோடு ஒரு கணம் தொட்டு எடுங்கள். காற்றில் கிடக்கும் நீண்ட கம்பியில் நிலைமின்னூட்டம் சேர்ந்திருக்கும். அந்தச் சிறு கருவியின் உள்ளுறுப்பு ஒரு பொறியில் போய்விடும்.

– எந்த அதிர்வெண்ணில் எஸ்.டபிள்யூ.ஆர். மிகக் குறைவு என்று பாருங்கள். இப்போதைய நீளத்தை அந்த அதிர்வெண்ணால் பெருக்கி, வேண்டிய அதிர்வெண்ணால் வகுத்தால் புதிய நீளம் வரும். 20.7 மீட்டர் கம்பி 6.9இல் ஒத்ததிர்கிறது, வேண்டியது 7.1 என்றால் 20.12 மீட்டர் ஆக வேண்டும். ஒவ்வொரு கையிலும் 29 சென்டிமீட்டர் மடியுங்கள். இரு கைகளும் எப்போதும் சமமாக இருக்கட்டும்.

– கம்பி தன் முடிவான உயரத்தில், முடிவான கோணத்தில் இருக்கும்போதுதான் அளவுக்குப் பொருள் உண்டு. மடிக்க இறக்குவது, அளக்க ஏற்றுவது என்று மாறிமாறிச் செய்யத்தான் வேண்டும். பொறுமையோடு செய்யுங்கள்.

– 7.05க்கு அருகே சரிசெய்து வைத்தால் கூடுதலாக ஒரு பயன் உண்டு. மூன்று மடங்குக்குச் சற்று மேலே, 21 மெகாஹெர்ட்ஸ் பேண்டிலும் இதே கம்பி ஒத்ததிரும். சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் ஆண்டுகளில் அந்த பேண்டில் 100 வாட் கண்டம் தாண்டும்.

*செய்யக்கூடாதவை*

– நானோ வி.என்.ஏ. மாட்டியிருக்கும்போது ரிக்கிலிருந்து அனுப்பாதீர்கள்.

– எஸ்.டபிள்யூ.ஆர். 1:1 வந்துவிட்டதால் ஆன்டெனா நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். டம்மி லோடிலும் 1:1தான் வரும்; அது சக்தி முழுவதையும் வெப்பமாக்கிவிடுகிறது. தண்ணீர் புகுந்த நீண்ட கேபிளும் அழகான எண்ணைக் காட்டும். போன வருடம் 1.4 இருந்தது, எதையும் தொடாமல் இந்த வருடம் 1.1 ஆகிவிட்டது என்றால் மகிழ வேண்டாம், கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

– மறுபக்கம், 1.5ஐ 1.1 ஆக்க நாள்களை வீணாக்காதீர்கள். 1.5இல் திரும்பி வருவது 4 விழுக்காடு, 2இல் 11 விழுக்காடு. 3இல் 25 விழுக்காடு ஆகும்போதுதான் கவலைப்பட வேண்டும்; பெரும்பாலான ரிக்குகள் அதற்குள் தாமாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும்.

– அறையிலுள்ள டியூனர் ஆன்டெனாவைச் சரிசெய்துவிட்டதாக எண்ணாதீர்கள். அது ரிக்கைச் சமாதானப்படுத்துகிறது. கேபிளில் ஏறிய எஸ்.டபிள்யூ.ஆரும் அதனால் வரும் இழப்பும் அப்படியே இருக்கும்.

முனையில் ஊட்டும் கம்பி

நடுவில் கம்பம் நட இடமில்லாதவர்கள் 20 மீட்டர் கம்பியை ஒரு முனையில் ஊட்டலாம். முனையில் தடை இரண்டாயிரம் ஓமுக்கு மேல் இருப்பதால் 49:1 டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். எஃப்.டி. 240-43 வளையத்தில் 2 சுற்றும் 14 சுற்றும், உள்ளீட்டின் குறுக்கே உயர் மின்னழுத்தம் தாங்கும் 100 பைக்கோஃபேரட் கெப்பாசிட்டரும் போட்டால் ஆயிற்று. 7, 14, 21, 28 என நான்கு பேண்டிலும் வேலை செய்யும்.

இங்கே செய்யக்கூடாதது முக்கியமாக ஒன்று. 49:1ஐயும் 9:1ஐயும் மாற்றிப் போடாதீர்கள். 9:1 அரை அலைநீளமாக இல்லாத ஏதோ ஒரு நீளக் கம்பிக்கு, டியூனரோடு சேர்த்துப் பயன்படுவது. செய்ய வேண்டியதும் ஒன்றுதான். மின்னோட்டத்துக்குத் திரும்பும் வழி எங்காவது வேண்டும்; கொடுக்காவிட்டால் கேபிளின் பின்னலை அது எடுத்துக்கொள்ளும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து 2 மீட்டர் கேபிளை அதற்கென விட்டு, அதன்பின் சோக் வையுங்கள்.

இடியும் எர்த்தும்

*செய்ய வேண்டியவை*

– சித்திரை வைகாசிக் கோடை இடி, ஐப்பசி கார்த்திகை அடைமழை இரண்டு காலத்திலும், பயன்படுத்தாத நேரமெல்லாம் கேபிளைக் கழற்றியே வையுங்கள். கழற்றிய முனை வீட்டுக்கு வெளியே, எர்த்தில் கட்டிய தகட்டில் மாட்டிக்கொள்ளும்படி இருக்கட்டும்.

– வெளியில் ஒரு எர்த் ராடு அடித்து, இரும்புக் கம்பத்தையும் கேபிளின் பின்னலையும் அதில் இணைத்து, அந்த ராடை வீட்டு எர்த்தோடு தடித்த செம்புக் கம்பியால் சேர்த்துவிடுங்கள். உப்பும் கரியும் போட்ட வீட்டு எர்த் குழியைப் புதிய ராடோடு சேர்க்காமல் விட்டால், அருகில் மின்னல் விழும்போது இரண்டுக்கும் இடையே எழும் மின்னழுத்தம் ரிக்கின் வழியாகப் பாயும்.

*செய்யக்கூடாதவை*

– இடி கேட்ட பிறகு கேபிளைக் கழற்றப் போகாதீர்கள். அந்த நேரத்தில் ரிக் போனால் போகட்டும்.

– கழற்றிய முனையைக் கண்ணாடிப் பாட்டிலுக்குள் போட்டுவைக்கும் பழைய பழக்கத்தை விடுங்கள். கிலோமீட்டர் கணக்கில் காற்றைக் கிழித்து வருவதைப் பாட்டில் நிறுத்தாது.

– நியூட்ரலை எர்த்தாக எடுக்காதீர்கள். கேஸ் பைப்பில் எதையும் கட்டாதீர்கள்.

உபரியாக ஒரு கம்பி

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, பாரதி பிரசாத் தலைமையில் ஹாம் குழு ஒன்று ஏற்கெனவே போர்ட் பிளேரில் இருந்தது. அந்தமான் அழைப்புக் குறியில் உலகத்தோடு பேச வந்தவர்கள், தீவுகளின் தொடர்பு அறுந்த நிலையில் செய்தி அனுப்பும் வேலையை எடுத்துக்கொண்டார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது தென்னைகளும் மின்கம்பங்களும் சாய்ந்தன. பல ஊர்களில் செல்பேசி நாள்கணக்கில் கிடைக்கவில்லை. கட்டி வைத்த ஆன்டெனாவும் அப்படியொரு இரவில் போய்விடும்.

*செய்ய வேண்டியவை*

– இன்னொரு டைபோலை இதே அளவில் செய்து, அளந்து, சரிசெய்து, சுருட்டிப் பையில் போட்டு வையுங்கள். சோக் கட்டிய நடுமுனை, 15 மீட்டர் கேபிள், மூன்று கயிறு, முனைகளுக்கு முட்டை இன்சுலேட்டர்கள், டேப் ஒரு சுருள், கட்டிங் பிளேயர், டார்ச் விளக்கு எல்லாம் அதே பையில்.

– ஐப்பசி பிறக்கும் முன் ஒருமுறை அதை வெளியே எடுத்துக் கட்டிப் பேசிப் பாருங்கள். ஆளுயரச் சுவரிலிருந்து வேப்ப மரக் கிளைக்குச் சரித்துக் கட்டினாலும் அடுத்த மாவட்டம் கேட்கும்.

– கார் பேட்டரியிலிருந்து ரிக்கை ஓட்டும் வயரும் ஃபியூஸும் அந்தப் பையில் இருக்கின்றனவா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

*செய்யக்கூடாதவை*

– அந்தப் பையிலிருந்து ‘இப்போதைக்கு’ என்று எதையும் எடுக்காதீர்கள்.

– புயல் ஓய்ந்த மறுநாள், தெருவில் விழுந்து கிடக்கும் எந்தக் கம்பியையும் உங்கள் ஆன்டெனாக் கம்பி என்று நினைத்துத் தொடாதீர்கள். ஈ.பி. ஆட்கள் வந்து மின்சாரம் இல்லையென்று சொன்ன பிறகு எடுத்துக்கொள்ளலாம். அதுவரை பையிலுள்ள கம்பியை மாடியின் மறுபக்கத்தில் கட்டுங்கள்.